போற்றி போல் படித்த ஆங்கிலம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே ஏழாம் நம்பர் கட்டிலில் ஒருவர் இருக்கிறார். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. ஒரே மகன், ஆஸ்திரேலியாவில். அவரை நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் என் கையை விட்டு எப்படிப் போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும். சாமியிடம் சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஒரு கரண்டி வாயில் வைத்தால் அங்கிள் உடனே விழுங்க மாட்டார். கஞ்சியை நாக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். பொறுமையில்லாமல் அடுத்த கரண்டியைக் கொடுத்தால் புரையேறும். புரையேறினால் கஞ்சி நுரையீரலுக்குள் போகும், காய்ச்சல் வரும், இந்த வயதில் அதுவே ஆளைக் கொண்டுபோகும். அதனால் காத்திருக்க வேண்டும். தொண்டையில் 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதை நம்பக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னதாக இன்னொரு சத்தம் வரும். அதுதான் உண்மையில் உள்ளே இறங்கிய சத்தம். அதற்குப் பிறகுதான் அடுத்த கரண்டி. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் வருடம் இரண்டு தடவை அவருக்கு என் கையால் புரையேறி, நான் பயந்து அழுதபோது தெரிந்துகொண்டது.

கடிகாரத்தைப் பார்த்து ஊட்டினால் மனசு அவசரப்படும். அதனால் முருகன் போற்றி நூற்றெட்டையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஊட்டப் பழகினேன். கரண்டிக்குப் பத்துப் போற்றி. மூன்று சுற்று முடியும்போது கிண்ணம் காலியாகிவிடும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. போற்றியை ஆரம்பித்தால் நடுவில் விடக் கூடாது. யாராவது கூப்பிட்டுப் பதில் சொல்ல வேண்டி வந்தால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது தெரிந்ததால் வார்டில் யாரும் அந்த நேரத்தில் என்னிடம் பேச மாட்டார்கள். என்னோடு வேலை பார்ப்பவள் ஒருத்தி, செலாயாங்கிலிருந்து வருகிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள்தான் வாசலில் நின்று எல்லாரையும் விரட்டுவாள். "அக்கா சாமிகூட லைன்ல இருக்கு. அப்புறம் வாங்க லா."

போன வருடம் இல்லம் கைமாறியது. புதிய மேனேஜர் ஒரு சீனப் பெண். கெட்டவர் இல்லை. எங்களுக்கு உட்கார நாற்காலி வாங்கிப் போட்டது அவர்தான். ஒரு நாள் எல்லாரையும் சாப்பாட்டு அறையில் கூப்பிட்டு வைத்து, பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னார். இதுவரை நாங்கள் வாயால் சொல்வதைக் கேட்டு நர்ஸ் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். இனி அப்படி இல்லை. யார் ஊட்டுகிறார்களோ, யார் குளிப்பாட்டுகிறார்களோ, அவர்களே எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வாரத்தில் ஒரு முறை வரும் டாக்டர் அதைப் படித்துத்தான் முடிவு செய்வார்.

"சின்ன டெஸ்ட்தான் ஆன்டி, பயப்படாதீங்க" என்றார். "பாஸானா வார்டு. இல்லாட்டி கீழே லாண்ட்ரி. சம்பளம் அதேதான், யாரையும் நிறுத்தப் போறதில்லை. போலே லா?"

எல்லாரும் போலே, முடியும் என்று தலையாட்டினோம். சம்பளத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. லாண்ட்ரிக்குப் போனால் ஏழாம் நம்பர் கட்டிலுக்கு யார் ஊட்டுவார்கள்?

வெளியே வந்ததும் செலாயாங்காரி சொன்னாள். "பதினோரு வருஷமா கழுவிக் கழுவி விட்டீங்க. இப்பக் கழுவுனதுக்கு இங்கிலீஷ்ல பேரு கேக்குறாங்க அக்கா."

"உனக்குப் பயமா இல்லையா?"

"நமக்கு என்ன? ஃபோன்ல ரெண்டு வீடியோ பாத்தா போதும். வந்தா வருது, வராட்டி போகுது."

அவளைப் போல என்னால் இருக்க முடியவில்லை.

நான் கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமும், பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்று வருடமும் படித்தவள். ஆங்கில எழுத்து தெரியும். கடைப் பலகை படிப்பேன், மருந்துப் பாட்டில் படிப்பேன். அதற்கு மேல் கிடையாது. மேனேஜர் கொடுத்த மாதிரித் தாளைக் கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் காட்டினேன். ஒரு நோயாளியைப் பற்றிய ரிப்போர்ட், நடுநடுவே காலி இடம். ஒவ்வொரு காலி இடத்துக்கும் பக்கத்தில் ஒரு செயல் சொல் இருக்கும். அந்தச் சொல்லை அந்த இடத்துக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றி எழுத வேண்டும்.

மகள் பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் ஸ்கேல் வைத்து மூன்று பத்தி பிரித்தாள். "அம்மா, ஒரு செயலுக்கு ரெண்டு சொந்தக்காரங்க இருக்காங்கன்னு வெச்சுக்க. ஒண்ணு பேரு. ஒண்ணு குணம். செயலைப் பாத்ததும் உனக்கு மத்த ரெண்டு பேரும் ஞாபகம் வரணும். அவ்வளவுதான்."

இருபத்தேழு வரி எழுதினாள். எல்லாம் எங்கள் இல்லத்தில் புழங்குகிற சொற்கள். பிரீத், பிரெத், பிரெத்லெஸ். மூச்சு விடு, மூச்சு, மூச்சுத் திணறுகிற. ஸ்வெல், ஸ்வெல்லிங், ஸ்வோலன். வீங்கு, வீக்கம், வீங்கிய. டிபென்ட், டிபென்டன்ஸ், டிபென்டன்ட். இம்ப்ரூவ், இம்ப்ரூவ்மென்ட், இம்ப்ரூவ்ட். ஆங்கிலத்துக்குக் கீழேயே நான் தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் முதல் சில நாட்கள் எனக்கு அது பிடித்தும் இருந்தது. சில சொற்கள் வால் மட்டும் மாற்றிக்கொள்கின்றன. ஒரு மென்ட், ஒரு அன்ஸ் சேர்த்தால் செயல் பெயராகி உட்கார்ந்துவிடுகிறது. சில சொற்கள் வயிற்றுக்குள்ளேயே மாறிவிடுகின்றன. சூஸ் என்று போனது சாய்ஸ் என்று திரும்பி வருகிறது. கேர் மட்டும் மாறவே மாறாது. செய்தாலும் கேர், பெயரும் கேர். குணமாகும்போது மட்டும் ஒரு ஃபுல்லைப் போட்டுக்கொண்டு வரும். சில வரிகளில் மூன்றாவது பத்தியில் மகள் வெறும் கோடு போட்டிருந்தாள்.

"இதுக்கு ஏன் குணம் இல்ல?"

"இருக்கலாம்மா. உனக்கு வேணாம்னு விட்டுட்டேன்."

நம் தமிழிலும் இப்படித்தானே என்று எனக்குத் தோன்றியது. வீங்கு, வீக்கம். இழ, இழப்பு. பிறந்ததிலிருந்து பேசுகிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. யாரும் பத்தி பிரித்து எனக்குக் கற்றுத் தரவில்லை, ஆனாலும் வருகிறது. இந்த இருபத்தேழு வரியை மட்டும் ஐம்பது வயதை நெருங்கும்போது மண்டைக்குள் தள்ள வேண்டியிருக்கிறது.

தள்ளுவதற்கு எனக்கு ஒரே வழிதான் தெரியும். சிறு வயதில் தேவாரம் எப்படிப் படித்தேனோ, போற்றி எப்படிப் படித்தேனோ, அப்படி. விளக்கேற்றி, திருநீறு பூசி, சாமி படத்துக்கு முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, மேலிருந்து கீழாக ராகம் போட்டுச் சொன்னேன். கடைசி மூன்று வரியில் லூஸ், லாஸ், லாஸ்ட் என்பதும் டை, டெத், டெட் என்பதும் இருந்தன. என் வீட்டுக்காரர் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து லோரி ஓட்டிக் களைத்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"விளக்கு வெச்ச நேரத்துல செத்தவன் பொழைச்சவன்னு எதுக்கு? சாமிக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. அதிலிருந்து இருபத்து நான்கு வரியைச் சாமிக்கு முன் சொல்லி, கும்பிட்டு எழுந்து, வெளியே செருப்பு விடும் இடத்தில் நின்று மிச்ச மூன்று வரியைச் சொல்வேன். எதிர் வீட்டு அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்து, "என்ன ஆன்டி, வாசல்ல நின்னு யாரைத் திட்டுறீங்க?" என்று கேட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

காலையில் கொமுட்டர் ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து கிள்ளானிலிருந்து சென்ட்ரல் வரை சொல்வேன். அப்படியும் போதவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தேன். அங்கிளுக்கு ஊட்டும்போது போற்றிக்குப் பதிலாக இந்த வரிகளைச் சொல்ல ஆரம்பித்தேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், இதுவும் இந்தக் கட்டிலை விட்டுப் போகாமல் இருக்கத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கரண்டிக்கு மூன்று வரி. பிரீத், பிரெத், பிரெத்லெஸ். அங்கிள் கஞ்சியை நாக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்தார். இடது பக்க உதடு மட்டும் லேசாக மேலே போனது. சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். விழுங்கல் வழக்கம்போல இரண்டு சத்தமாக வந்தது. முழுக் கிண்ணமும் போனது.

ஒரு மாதத்தில் இருபத்தேழு வரியும் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சோதித்துப் பார்த்தாள்.

"இம்ப்ரூவ்?"

நான் கண்ணை மூடிக்கொண்டு, "பிரீத், பிரெத், பிரெத்லெஸ்..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, இம்ப்ரூவ் மட்டும் கேட்டேன்."

"வரேன் இரு, அது பதினாலாவது."

"இது அர்ச்சனை இல்லம்மா. அங்க ஒண்ணொண்ணா கேப்பாங்க."

"எனக்கு இப்படித்தான் வரும். வருதா இல்லையா, அதைச் சொல்லு."

"வருது. ஆனா..." அவளுக்கு அன்று ஏதோ பாடம் அனுப்ப வேண்டியிருந்தது. விட்டுவிட்டாள். அவளை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். வருகிறது என்ற சந்தோஷத்தில் அவள் சொன்ன 'ஆனா' காதில் ஏறவில்லை.

டெஸ்ட் ஒரு மதியம், பெரியவர்கள் எல்லாரும் தேநீர் குடித்து முடித்த பிறகு, சாப்பாட்டு அறையில் நடந்தது. வெளியிலிருந்து ஒரு மலாய்ப் பெண் தாள்களைக் கொண்டு வந்திருந்தார். காலையில் குளித்துவிட்டு கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். கைப்பைக்குள் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. இருபது காலி இடம், அரை மணி நேரம்.

முதல் காலி இடத்துக்கான செயல் சொல் எங்கள் பட்டியலில் இருபத்தோராவது வரி. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான். நம்மிடம் இருக்கிறது, பயமில்லை என்று கண்ணை மூடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. என்னால் வேகமாகச் சொல்ல முடியவில்லை. கரண்டியின் வேகத்தில் படித்தது அது. மூன்று வரி, பிறகு ஒரு நிறுத்தம், அங்கிளின் தொண்டையில் இரண்டு சத்தம் வருகிற நேரம், பிறகு அடுத்த மூன்று வரி. நிறுத்தத்தைத் தாண்டிக் குதித்தால் வரி மாறிவிடுகிறது, வீக்கத்தோடு மூச்சு கலந்துவிடுகிறது. இருபத்தொன்றுக்கு வந்து சேர்ந்து எழுதினேன். இரண்டாவது இடத்துக்கு மறுபடி முதலிலிருந்து.

உதடு அசைந்து சத்தம் வந்திருக்க வேண்டும். அந்த மலாய்ப் பெண் பக்கத்தில் வந்து மெதுவாகத் தோளைத் தொட்டார். "மக்சிக், கொஞ்சம் சத்தமில்லாம, ப்ளீஸ்." ஆன்டி என்கிற மாதிரி மக்சிக் என்று கூப்பிட்டு நல்லவிதமாகத்தான் சொன்னார். "சரி, சாரி" என்று நான் பதில் சொன்னேன். பதில் சொன்னதும் பதினேழாவது வரியில் நின்றிருந்தது அறுந்துபோனது. மறுபடி முதலிலிருந்து. சுற்றிலும் எல்லாரும் பரபரவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். செலாயாங்காரி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துவிட்டுப் படக்கென்று ஒன்றை எழுதினாள். எனக்கு நெற்றியில் வேர்வை வழிந்து திருநீறு கண்ணில் இறங்கி எரிந்தது. முருகா, ஒரே ஒரு முறை நடுவிலிருந்து ஆரம்பிக்க விடு என்று கேட்டேன். முடியவில்லை. நாற்பது வருடப் பழக்கம், அரை மணி நேரத்தில் போகுமா?

மணி அடித்தபோது ஆறு இடம் எழுதியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு என் தாளைக் காட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "எழுதின ஆறும் சரி ஆன்டி. மத்த பதினாலை ஏன் சும்மா விட்டீங்க? தெரியலையா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சா ஏன் எழுதல?"

மலாயில் எனக்குச் சரளமாகப் பேச்சு வரும். ஆனாலும் இதைச் சொல்ல எந்த மொழியிலும் வரவில்லை. "மெதுவா வருது மேடம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பாஸானவர்கள் பன்னிரண்டுக்கு மேல் எடுத்தவர்கள் என்றும், எனக்காக மட்டும் மாற்ற முடியாது என்றும், அடுத்த வருடம் மறுபடி டெஸ்ட் வைப்பார்கள் என்றும் சொன்னார். ஏழாம் நம்பர் கட்டில் செலாயாங்காரிக்குப் போனது. அவள் பதின்மூன்று எடுத்திருந்தாள்.

லாண்ட்ரி கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில். இரண்டு பெரிய மெஷின், ஒரு காயவைக்கும் மெஷின், மடிப்பதற்கு ஒரு நீள மேசை. விரிப்புகள் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றின் மூலையிலும் கட்டில் நம்பர் தைத்திருக்கும். முதல் நாள் மூட்டையை அவிழ்த்ததும் என் கை தானாக ஏழாம் நம்பரைத் தேடியது. தலைப்பக்கத்தில் இடது ஓரமாகக் கஞ்சிக் கறை. அங்கிளுக்கு வலது பக்கம் உணர்ச்சி கிடையாது, ஊட்டும்போது இடது பக்கம்தான் சாய்ப்போம். வாயிலிருந்து வழிந்திருக்கிறது. மறுநாள் கறை இன்னும் பெரியதாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் தலையணை உறையிலும் இருந்தது. வார்டில் நடப்பதை எனக்கு யாரும் வந்து சொல்லத் தேவைப்படவில்லை.

இடைவேளையில் மேலே ஓடிச் செலாயாங்காரியிடம் சொன்னேன். "ரெண்டாவது சத்தம் வரணும்டி. முதல் சத்தத்தை நம்பாத. காத்திரு."

அவள் ஒரு கையில் ஃபைலும் ஒரு கையில் பேனாவுமாக நின்றாள். "அக்கா, ஒன்பது கட்டில் என் தலையில. ஆளுக்கு ஒரு பக்கம் எழுதணும். நான் எழுதுவேனா, தொண்டையக் கேட்டுக்கிட்டு நிப்பேனா? ரொம்ப சுசா, கஷ்டம்க்கா."

"நான் வேணா பிரேக்ல வந்து ஊட்டிட்டுப் போறேன்."

"கையெழுத்து யாரு போடுறது? நீங்க ஊட்டி நான் போட்டா, புரையேறினா என் வேலை போச்சு. நீங்களே சொல்லுங்க."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவளுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். இறங்கி வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரத்தில் ஏழாம் நம்பர் விரிப்பில் கஞ்சிக் கறை வருவது நின்றது. முதலில் சந்தோஷப்பட்டேன். முருகா, பழகிக்கொண்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டு நாள் கழித்து வேறு மாதிரி ஒரு கறை வந்தது. வெள்ளையாக, காய்ந்தால் மாவு போல உதிர்கிற கறை. பதினோரு வருடத்தில் அந்தக் கறையை எத்தனையோ விரிப்பில் பார்த்திருக்கிறேன். டியூப் வழியாகக் கொடுக்கும் பால்.

கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் மேலே போனேன். அங்கிள் மூக்கில் குழாய் ஒட்டியிருந்தது. பிடுங்கிவிடக் கூடாது என்று இடது கையில் துணி உறை மாட்டிக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவருக்கு இருந்த ஒரே கை அது. என்னைப் பார்த்தார். முன்பு போல என் வாயைத்தான் பார்த்தார்.

மேனேஜர் அறைக்குப் போனேன். என் வாழ்க்கையில் ஒரு அதிகாரி அறைக்குக் கதவைத் தட்டாமல் போனது அன்றுதான்.

"அவருக்கு ஏன் குழாய் மேடம்?"

மேனேஜர் ஃபைலை எடுத்துத் திருப்பி எனக்குக் காட்டினார். அழகான கையெழுத்து. மூன்று நாள், மூன்று வேளை, ஒன்பது இடத்தில் ஒரே மாதிரி எழுதியிருந்தது. ஃபுட் ரெஃப்யூசல். ஒவ்வொன்றையும் படித்தேன். பத்தொன்பதாவது வரி. மறு, மறுப்பு. செயலிலிருந்து பெயர் சரியாக வந்திருந்தது. ஒரு தப்பும் இல்லை.

"அவர் வேணாம்னு சொல்லலை மேடம்" என்று மலாயில் சொன்னேன். "காத்திருந்தார். வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அது அவர் சாப்பிடும் விதம். அதைப் பார்த்து வேணாம் என்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்."

மேனேஜர் ஃபைலின் பக்கங்களைப் பின்னால் புரட்டிப் பார்த்தார். பிறகு, "உங்களை நான் நம்புறேன் ஆன்டி" என்றார். "ஆனா டாக்டர் பேப்பரைத்தான் படிப்பார். நீங்க சொல்றது இந்தப் பேப்பர்ல எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. பதினோரு வருடம் அது என் காதில் மட்டும் இருந்தது. மகள் எழுதித் தந்த இருபத்தேழு வரியில்கூடக் காத்திருப்பதற்கு ஒரு வரி கிடையாது. டாக்டர் அடுத்த முறை வரும்போது சொல்லிப் பார்க்கிறேன் என்றார் மேனேஜர். சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். குழாயை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்குக் கும்பிடவும் சரியாக வரவில்லை. விளக்கேற்றிப் போற்றியை ஆரம்பித்தால், பத்துப் பதினைந்து போவதற்குள் நடுவில் ஸ்வெல், ஸ்வெல்லிங் என்று வந்து நிற்கிறது. நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். மறுபடி வருகிறது. சில நாள் முருகன் படத்துக்கு முன் வெறுமனே உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். மகள் அடுத்த வருட டெஸ்டுக்கென்று சொற்களைத் தனித்தனிச் சீட்டாக வெட்டி, கலைத்துப் போட்டு எடுக்கச் சொன்னாள். நல்ல பிள்ளை. ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தேன், கீழே வைத்தேன். "அப்புறமா பாக்கலாம்மா" என்றாள்.

போன வாரம் செலாயாங்காரியே லாண்ட்ரிக்கு இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. அவளும் இரண்டு மாதமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள்தானே. "அக்கா, மேடம் வெளியே போயிருக்கு. நர்ஸ் மருந்து வாங்கப் போயிட்டாங்க. நீங்க வந்து ரெண்டு கரண்டி ஊட்டிப் பாருங்க. விழுங்குறார்னு தெரிஞ்சா நானே எழுதுறேன், மூணு நாள் எழுதுறேன், டாக்டர் எடுத்துருவாரு. நான் வாசல்ல நிக்கிறேன்."

கஞ்சியை அவளே வடிகட்டிக் கொண்டு வந்திருந்தாள். அங்கிளின் கை உறையை அவிழ்த்து, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து இடது பக்கம் சாய்த்தோம். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதலில் கஞ்சி கொடுக்கவில்லை. சுத்தமான தண்ணீரைப் பஞ்சில் நனைத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்து, அவர் தொண்டைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன். மூச்சு கேட்டது. முதல் சத்தம் வந்தது, ரொம்ப மெலிதாக. இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன். அவரும் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது வரவில்லை. பிறகு அந்த ஒரு சொட்டுத் தண்ணீருக்கே மார்பிலிருந்து ஈரமாக ஒரு இருமல் வந்தது.

இரண்டு மாதம் சும்மா கிடந்த தொண்டை மறந்துவிட்டது. இப்போது ஒரு கரண்டி கஞ்சி கொடுத்தால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். முன்பு அவர் மறுக்கவில்லை என்று தெரிந்தது எனக்கு மட்டும்தான். இனி அவரால் முடியாது என்று முதலில் தெரிந்ததும் எனக்குத்தான்.

"என்னக்கா? ஊட்டுங்க" என்றாள் அவள் வாசலிலிருந்து.

"வேணாம்டி."

"ஒரே ஒரு கரண்டி."

"வேணாம். எழுதாத. ஒண்ணும் எழுதாத."

அவர் இன்னும் வாயைத் திறந்து வைத்திருந்தார். கரண்டி கிண்ணத்தில் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. நான் அவர் உதட்டைத் துடைத்து, தாடையை மெல்ல மேலே தள்ளி மூடினேன். கை உறையை மறுபடி மாட்டி முடிச்சுப் போட்டேன். கஞ்சியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டு, படியிறங்கி லாண்ட்ரிக்கு வந்தேன். மெஷின் நின்றுபோயிருந்தது. ஈரத் துணியை அள்ளி எடுத்து உதறி, நம்பர் பார்த்து அடுக்க ஆரம்பித்தேன்.